விளக்கு எரிகிறது, அம்புக்குறி நகரவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா போன் செய்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் டி.டி.பி. வேலையும் செய்கிற சின்னக் கடை அவருடையது.

"டேய், மவுஸ் செத்துப்போச்சுடா. கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. பக்கத்துக் கடை மவுஸை வாங்கிப் போட்டேன், அதுவும் ஓடலை. போன்ல ஒருத்தரைக் கேட்டா மதர்போர்டு போயிருக்கும்கிறார். மத்தியானத்துக்குள்ள ஒரு கல்யாணப் பத்திரிகை முடிச்சுக் குடுக்கணும்."

"முதல்ல பத்திரிகையை முடிங்க சித்தப்பா, மவுஸை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும், என்டர் தட்டினால் போதும். அதன்பிறகு கீபோர்டின் வலது பக்க எண் பலகையே மவுஸ் ஆகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது, 5 தட்டினால் கிளிக். எதையாவது பிடித்து இழுக்க வேண்டுமென்றால் 0 தட்டிப் பிடித்துக்கொண்டு, நகர்த்தியபின் புள்ளியைத் தட்டி விட வேண்டும். மெதுவாகத்தான் போகும். ஆனாலும் அவர் அதை வைத்தே மணமக்கள் பெயரைச் சரியான இடத்தில் உட்காரவைத்து, பத்திரிகையை முடித்துக் கொடுத்துவிட்டார். எண் பலகை உள்ள கீபோர்டு வைத்திருப்பவர்கள் இந்த மூன்று விசைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சமயத்தில் கைகொடுக்கும்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன் போனிலேயே இரண்டு கேள்வி கேட்டேன். செருகும்போது கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறதா? மவுஸுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா?

பதில் இப்படி வந்தது. பின்பக்க போர்ட்டில் செருகினால் சத்தம் வருகிறது, திரையின் மூலையில் 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று ஒரு அறிவிப்பும் வருகிறது. விளக்கு இரண்டு விநாடி பிரகாசமாக எரிந்து மங்கிவிடுகிறது. முன்பக்க போர்ட்டில் செருகினால் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. பக்கத்துக் கடை மவுஸை எங்கே செருகிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "முன்னாடிதான், அதானே கைக்கு எட்டும்" என்றார்.

அப்போதே மதர்போர்டு மீதிருந்த சந்தேகம் எனக்குப் போய்விட்டது. பின்பக்கம் கம்ப்யூட்டர் குறை சொல்கிறது, முன்பக்கம் ஒன்றுமே சொல்லவில்லை. வாய் திறந்து குறை சொல்வதும் ஊமையாக இருப்பதும் ஒரே பழுது அல்ல. மவுஸ் 'டிடெக்ட் ஆகவில்லை' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தைக்குள் நாலைந்து தனித்தனி நோய்கள் இருக்கின்றன. எது என்று பிரிக்காமல் டிரைவரை அழிப்பதும் விண்டோஸை ஃபார்மட் செய்வதும் எனக்கு மனம் ஒப்பாத வேலை. அந்தக் கடை கணினியில் பத்து வருடத்துப் பத்திரிகை டிசைன்கள் இருக்கின்றன.

யூஎஸ்பி மவுஸின் ஒயரைப் பிரித்தால் உள்ளே முக்கியமாக நான்கு இழைகள். வழக்கமான நிறக் கணக்கில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிப் போகும் வழி), வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ். முதல் இரண்டும் மின்சாரத்துக்கு, அடுத்த இரண்டும் பேச்சுக்கு, அதாவது மவுஸும் கம்ப்யூட்டரும் தகவல் பரிமாறிக்கொள்ள. சிவப்பும் கறுப்பும் நன்றாக இருந்தாலே பெரும்பாலும் விளக்கு எரிந்துவிடும். அதனால் விளக்கு எரிவதை வைத்து 'மவுஸ் நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டக் கூடாது. மின்சாரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

ஒரு மவுஸ் வந்திருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்தப் பழுதின் முடிச்சு இருந்தது. போர்ட்டில் எதுவும் செருகாதபோது, இரண்டு பேச்சு இழைகளையும் கம்ப்யூட்டர் தன் பக்கம் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டோடு கட்டி, பூஜ்யத்தில் வைத்திருக்கிறது. மவுஸ் உள்ளே வந்ததும் தன் பக்கம் இருக்கிற 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு இழையை 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கும். இரண்டு பக்க இழுப்பும் சேர்ந்து அந்த இழை ஏறக்குறைய 3 வோல்ட்டில் நிற்கும். உடனே கம்ப்யூட்டர், 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று எழுந்துகொள்கிறது. எந்த இழை உயர்ந்தது என்பதிலேயே வந்தவரின் வேகமும் தெரிந்துவிடும். டி பிளஸ் உயர்ந்தால் விநாடிக்கு 12 மெகாபிட் சாதனம். டி மைனஸ் உயர்ந்தால் 1.5 மெகாபிட், அதாவது லோ ஸ்பீடு. சாதாரண ஒயர் மவுஸ்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

அப்படியானால் லோ ஸ்பீடு மவுஸில் டி மைனஸ் அறுந்தால் என்ன ஆகும்? விளக்கு எரியலாம், ஆனால் கம்ப்யூட்டருக்கு ஆள் வந்ததே தெரியாது. ஒரு சத்தமும் வராது. டி மைனஸ் நன்றாக இருந்து டி பிளஸ் அறுந்தால்? ஆள் வந்தது தெரியும். 'நீ யார்' என்று கம்ப்யூட்டர் கேட்கும், ஒழுங்கான பதில் வராது. அப்போதுதான் 'ரெகக்னைஸ் ஆகவில்லை' என்ற புகார் எழும். சிவப்போ கறுப்போ அறுந்தால் பொதுவாக விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. சித்தப்பா பின்பக்க போர்ட்டைப் பற்றிச் சொன்ன அறிகுறி நடுவில் உள்ளதோடு அப்படியே பொருந்தியது. பச்சை இழை மேல் சந்தேகத்தை எழுதி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரையும் சால்டரிங் அயர்னையும் பையில் போட்டேன்.

கடையில் போய் முதலில் செய்தது மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான். பக்கத்துக் கடை மவுஸைப் பின்பக்கம் செருகினேன், உடனே ஓடியது. சித்தப்பா மவுஸை, போனில் யூஎஸ்பி சாமான்களை மாட்ட உதவும் ஓ.டி.ஜி. ஒயரில் மாட்டி என் போனில் செருகினேன், அம்புக்குறி வரவில்லை. நல்ல மவுஸை அதே போனில் செருகினால் திரையில் குட்டி அம்பு வந்து நின்றது. இரண்டாவது கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளில் இந்த ஓ.டி.ஜி. சோதனை போல எளிதானது வேறில்லை. ஆக, மவுஸ் பழுது. முன்பக்க போர்ட் வேறொரு பழுது. இரண்டும் ஒரே நாளில் கண்ணில் பட்டதால்தான் மதர்போர்டு மேல் பழி விழுந்தது.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க டிவைஸ் மேனேஜரையும் பார்த்தேன். விண்டோஸ் விசையும் எக்ஸும் அழுத்தி, பிறகு எம் தட்டினால் திறக்கும், மவுஸ் வேண்டாம். யூஎஸ்பி பட்டியலில் மஞ்சள் முக்கோணத்தோடு 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று ஒன்று நின்றது, உள்ளே கோட் 43. 'நீ யார்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதன் விண்டோஸ் மொழி இது. இந்த இடத்தில் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி தேடச் சொல்லலாம்தான். போனிலும் தோற்ற மவுஸுக்கு அது உதவாது. வேறு கம்ப்யூட்டரில் ஓடுகிற மவுஸ் இங்கே மட்டும் ஓடவில்லை என்றால்தான் நான் அந்தப் பக்கம் போவேன்.

இன்னொன்று. சித்தப்பா ஒவ்வொரு முறை மவுஸைக் கழற்றி மாட்டும்போதும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வார். வட்டப் பின் மவுஸ் காலத்துப் பழக்கம் அது. 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த அந்த வட்ட போர்ட், ஓடுகிற கணினியில் செருகிப் பிடுங்குவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. மாட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் முறை. 1996இல் வந்த யூஎஸ்பிக்கு அது தேவையில்லை. ஆனால் விண்டோஸ் 8, 10, 11இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் ஷட் டவுன் செய்து திறப்பது முழுத் தொடக்கம் ஆகாது, பழைய நிலையின் ஒரு பகுதி டிஸ்கிலிருந்து திரும்ப வரும். ரீஸ்டார்ட்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும். அந்த அளவில் அவர் பழக்கம் இன்றும் சரியானதே.

மவுஸை வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற டெர்மினலில், கணினிக்குள் நடப்பதன் பதிவைக் காட்டும் டி-எம்-ஈ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை, வருவதையெல்லாம் தொடர்ந்து காட்டும்படி ஓடவிட்டுச் செருகினேன். முதல் வரி: புதிய லோ ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ் வந்திருக்கிறது. அடுத்து: டிஸ்கிரிப்டரைப் படிக்க முடியவில்லை, பிழை மைனஸ் 71. அதே வரி திரும்பத் திரும்ப. கடைசியில் இந்தச் சாதனத்தைப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை என்று கைவிட்டுவிட்டது.

அந்த முதல் வரியில் எனக்கு ஒரு பெரிய உதவி இருந்தது. 'லோ ஸ்பீடு' என்று அது சரியாகச் சொல்கிறது என்றால் டி மைனஸ் உயர்ந்ததை அது பார்த்திருக்கிறது. அதாவது வெள்ளை இழை பிழைத்திருக்கிறது. மவுஸைத் திறக்காமலேயே நாலில் மூன்று இழைகள் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. சிப் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

மவுஸைத் திருப்பினால் ஸ்க்ரூ எதுவும் தெரியாது. வழுக்கிப் போவதற்காக ஒட்டியிருக்கும் பட்டைகளுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். ஸ்டிக்கர் மேல் விரலால் அழுத்தித் தடவினால் பள்ளம் தட்டுப்படும். இதில் ஒன்றுதான், பின்பக்கப் பட்டைக்கு அடியில். ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டினால் பட்டை கிழியாமல் வரும், திரும்ப அதையே ஒட்டலாம். ஸ்க்ரூவை எடுத்த பிறகும் முன்பக்கம் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருந்தன. மேல்மூடியைப் பின்னாலிருந்து தூக்கி முன்னால் தள்ளினால் விட்டுவிடும்.

உள்ளே ஒயர் வெள்ளை நிறக் குட்டிப் பிளக் வழியாக போர்டில் உட்கார்ந்திருந்தது. நிறங்களை நம்பி வேலை செய்யாதீர்கள், மலிவான மவுஸ்களில் நிறம் மாறியும் வரும். யூஎஸ்பி முனையின் வாய்க்குள் நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கொஞ்சம் நீளம், அவை மின்சாரம். நடுவில் உள்ள குட்டையான இரண்டும் பேச்சு இழைகள். செருகும்போது மின்சாரம் முதலில் சேர வேண்டும் என்பதற்காகவே அந்த நீள வித்தியாசம். டி மைனஸ் 5 வோல்ட்டுக்குப் பக்கத்திலும் டி பிளஸ் கிரவுண்டுக்குப் பக்கத்திலும் இருக்கும்.

மல்டிமீட்டரைப் பீப் சத்தம் தருகிற கண்டினியூட்டி நிலையில் வைத்து, ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையை உள்ளே இருக்கிற பிளக்கின் பின்னிலும் வைத்தேன். சிவப்பு, பீப். கறுப்பு, பீப். வெள்ளை, பீப். பச்சை, சத்தமில்லை. மீட்டர் முனையை இரண்டு மூன்று முறை அழுத்தி வைத்துப் பார்த்தேன். ஒயரை வளைத்தபோது ஒரே ஒரு கணம் 'பீ' என்று கீச்சிட்டு நின்றது. அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

எந்த இடத்தில் அறுந்திருக்கிறது? ஒயரை முழுக்கக் கையால் உருவி, இரண்டு விரல்களுக்கு நடுவே ஒவ்வோர் அங்குலமாக வளைத்துக்கொண்டே போனேன். பெரும்பாலும் மவுஸுக்குள் ஒயர் நுழைகிற ரப்பர் கழுத்திலோ யூஎஸ்பி முனையை ஒட்டியோதான் அறும். இதிலும் கழுத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டரில் வளைத்தபோதுதான் பீப் விட்டு விட்டு வந்தது. கடை மேஜை விளிம்பில் ஒயர் தினமும் மடிந்து மடிந்து ஒரே இடத்தில் தேய்ந்திருக்கிறது.

பிளேடால் மேலுறையை நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். வெளியே பார்க்கப் பச்சை இழை முழுசாகத்தான் இருந்தது, உறையில் ஒரு கீறல் கூட இல்லை. நுனி விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தேன். பக்கத்திலிருந்த வெள்ளை இழை விறைப்பாக நின்றது. பச்சை மட்டும் ரப்பர் பேண்டு போல நீண்டது. உள்ளே செம்பு இல்லை, வெறும் பிளாஸ்டிக் குழாய்தான் இழுபடுகிறது. மீட்டர் இல்லாதவர்கள் இந்த இழுத்துப் பார்க்கும் சோதனையை வைத்தே அறுந்த இழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டலாமா? ஒயரின் நடுவில் ஒட்டுப்போட்டால் அந்த இடம் தடித்து, மேஜையில் இடறும், மறுபடியும் மடியும். அதனால் கழுத்திலிருந்து 6 சென்டிமீட்டரை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பகுதியின் நுனியை மவுஸுக்குள்ளேயே கொண்டுபோய், குட்டிப் பிளக்கில் மிச்சமிருக்கும் நாலு இழைத் துண்டுகளோடு சால்டர் செய்வது என்று வைத்துக்கொண்டேன். ஒட்டு முழுக்க மூடிக்குள் மறைந்துவிடும். ரப்பர் கழுத்துக்குள் இருந்த பழைய ஒயரைச் சூடான ஊசியால் குடைந்து எடுத்து, அதன் வழியே புதிய நுனியை நுழைத்தேன்.

இழைகளைச் சீவும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. மயிரிழை போன்ற செம்புக் கம்பிகளோடு வெள்ளை நூலும் சேர்ந்து ஓடும், ஒயர் இழுபட்டாலும் அறாமல் இருப்பதற்காக. அந்த நூலை நறுக்காமல் சால்டர் வைத்தால் கருகி, ஒட்டு பிடிக்காது. நூலை விலக்கி, கம்பியை முறுக்கி, ஈயம் நன்றாகப் பிடிப்பதற்கான ஃப்ளக்ஸ் தடவி, இரண்டு நுனிக்கும் முதலில் தனித்தனியாக ஈயம் ஏற்றினேன். 25 வாட் அயர்ன் தாராளம். ஒரு நொடிக்கு மேல் வைத்தால் உறை உருகிப் பின்வாங்கும். நாலு ஒட்டும் ஒரே இடத்தில் வராதபடி இழைகளை ஏணிப்படி போல வெவ்வேறு நீளத்தில் வெட்டிக்கொண்டேன். ஒட்டின் மேல் மூடுகிற சின்னக் குழாயான ஸ்லீவை சால்டர் வைப்பதற்கு முன்பே இழையில் கோத்துவிட வேண்டும், பிறகு நுழைக்க வழி இருக்காது.

ஒட்டு வைத்த பிறகு கழுத்துக்கு உட்புறம் ஒயரில் ஒரு சின்ன கேபிள் டை போட்டு இறுக்கினேன். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் இழுப்பை அந்த டை தாங்கும், சால்டரில் விழாது. இதை விட்டுவிட்டால் மொத்த வேலையும் ஒரு மாதத்தில் வீண்.

செருகுவதற்கு முன் மீட்டரை மறுபடி எடுத்தேன். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே பீப் வரக் கூடாது. வந்தால் போர்ட்டுக்கு ஆபத்து. வரவில்லை. நாலு இழைகளும் தனித்தனியே பேசின, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. லேப்டாப்பில் செருகினேன். புதிய லோ ஸ்பீடு டிவைஸ் என்ற அதே முதல் வரி வந்தது. இந்த முறை அடுத்த வரியில் பிழை இல்லை. மவுஸ் தன் பெயரைச் சொன்னது, கடைசி வரியில் இன்புட் சாதனமாகப் பதிவானது. விளக்கு மங்காமல் நின்றது. கையை வைத்து நகர்த்தினேன், அம்பு கூடவே வந்தது.

300 ரூபாய்க்குப் புது மவுஸ் கிடைக்கும்போது இரண்டு மணி நேரம் செலவழிக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்றரை மீட்டர் ஒயர், சிப், லென்ஸ், சக்கரம் எல்லாம் நன்றாக இருக்க, ஒரு சென்டிமீட்டர் பச்சை இழைக்காக முழுசையும் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. அதோடு சித்தப்பாவின் கை நாலு வருடமாக அந்த மவுஸுக்குப் பழகியது. எழுத்தை ஒரு மயிரளவு நகர்த்திச் சீர்செய்கிற வேலையில் அது சின்ன விஷயமல்ல.

மறுநாள் முன்பக்க போர்ட்டைப் பார்த்தேன். பின்பக்க போர்ட்கள் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. முன்பக்க போர்ட்கள் கேபினட்டின் முகப்பிலிருந்து ஒரு ஒயர் வழியாக மதர்போர்டின் ஒன்பது பின் உள்ள ஒரு கட்டையில் வந்து செருகும். சந்தேகம் வந்தால் எந்த யூஎஸ்பி சாமானையும் முதலில் பின்பக்கம் போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, பக்கப் பலகையைத் திறந்தேன். அந்தச் செருகி பாதி கழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மேலெல்லாம் ஜெராக்ஸ் கடைத் தூசி. பிரஷ்ஷால் துடைத்து, பின் இல்லாத மூலையும் அடைபட்ட துளையும் நேராக வருவதைப் பார்த்து அழுத்தினேன். இதைத் திருப்பிச் செருகினால் 5 வோல்ட் தவறான இடத்துக்குப் போய்விடும், அவசரப்படக் கூடாத இடம். பலகையை மூடிக் கம்ப்யூட்டரைப் போட்டதும் முன்பக்கமும் பென் டிரைவை எடுத்துக்கொண்டது.

வயர்லெஸ் மவுஸ் வைத்திருக்கிற பக்கத்துக் கடைக்காரர் தன்னுடையது அடிக்கடி விட்டு விட்டு ஓடுவதாகச் சொன்னார். அவருடைய குட்டி ரிசீவர், நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில், அதுவும் ஓடிக்கொண்டிருக்கிற ஹார்ட் டிஸ்கின் ஒயருக்கு ஒட்டினாற்போல இருந்தது. யூஎஸ்பி 3இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். இதைப் பற்றி இன்டெல்லே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ரிசீவரை மேஜை மேல் கொண்டுவந்ததும் சரியானது. சும்மா விட்டால் தூங்கிப்போய் எழாத மவுஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள்.

சித்தப்பா கம்ப்யூட்டரை மேஜையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டார். இப்போது ஒயர் விளிம்பில் மடியாமல் மேஜை மேலேயே படுத்துக்கிடக்கிறது. கழுத்துக்குப் பக்கத்தில் நான் வெள்ளை டேப்பில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்று காதுகுத்துப் பத்திரிகை ஒன்று அடித்துக்கொண்டிருந்தார், அதே மவுஸில்.